பிளாக் சபாத்தை ஏன் விட முடியவில்லை?

கேள்வி, 24 ஜூலை 2025
(திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்டது)

பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்ததற்கு மதுரையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் துக்கம் விழுந்ததுபோல எழுதுகிறீர்கள். 1970இல் வந்த இசைத்தட்டுகள். பாடுகிற சொற்களில் பாதி உங்களுக்குப் புரியாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் எங்கே, மதுரைச் செல்லூர் எங்கே? நீங்கள் அழுவது உங்கள் இளமையை நினைத்து. அந்தக் குழு வெறும் சாக்கு. மறுக்க முடியுமா?

24 ஜூலை, இரவு 11.20

மறுக்கிறேன். இளமைக்காக அழுவதென்றால் எனக்கு வேறு பாட்டுகள் இருக்கின்றன. 1984இல் மதுரையில் பதினைந்து வயதுப் பையனாக இருந்தவனுக்குத் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கியில் இளையராஜா கிடைத்தார். அவற்றைக் கேட்டால் இளமை வந்து நிற்கிறது. பிளாக் சபாத் கேட்டால் என் அப்பாவின் கைதான் கண்முன் வருகிறது.

அப்பா கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். எவர்சில்வர் தகட்டை அச்சில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து அச்சு இறங்கி மூடியாகவோ தட்டாகவோ வெட்டித் தள்ளும். 1979 ஆவணியில், கல்யாணச் சீர் பாத்திரங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்த ஒரு நாள், தகடு சரியாக உட்காரவில்லை என்று கையை நீட்டினார். வலக்கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின.

பிளாக் சபாத்தின் கிட்டார்க்காரர் டோனி அயோமிக்கு நடந்ததும் இதுதான். 1965, பர்மிங்காம், வயது பதினேழு. தகட்டுத் தொழிற்சாலையில் அன்று அவருக்குக் கடைசி நாள். அவர் செய்தது வெல்டிங் வேலை. பிரஸ் ஓட்டுகிற ஆள் வராததால் அவரைப் பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. வேலையை முறையாக முடித்துவிட்டு வரச் சொல்லி அம்மாதான் அனுப்பிவைத்தார். இடக்கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

கனத்த ராக் என்று உலகம் சொல்கிற இசையே அந்த வெட்டிலிருந்து பிறந்தது. இதை நான் இளமைக் கணக்கில் எழுத மாட்டேன்.

25 ஜூலை, காலை

விருதுநகர் வாசகர் சுட்டியது சரி. இடக்கை என்று எழுதியது என் பிழை. போனது வலக்கை விரல்கள். அயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவருக்குத் தந்தியை மீட்டுவது இடக்கை, கிட்டாரின் கழுத்தில் தந்தியை அழுத்துவது வலக்கை. அழுத்துகிற கையில் நடுவிரலும் மோதிரவிரலும். மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்று சொன்னதன் காரணம் அதுதான். அப்பாவுக்கும் அதே கை, அதே இரண்டு விரல்கள். இந்த ஒற்றுமை எனக்கு எப்போதோ தெரியும், ஆனால் எழுதும்போது கை தவறிவிட்டது.

25 ஜூலை, மாலை

எங்களுக்கு இது எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கிறார்கள். என் சித்தப்பா தூத்துக்குடியில் கப்பலேறியவர். என்ஜின் அறையில் ஃபிட்டர். 1984இல் வந்தபோது சிங்கப்பூரில் வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒன்றும் ஒன்பது கேசட்டுகளும் கொண்டுவந்தார். எட்டுக் கேசட்டுகளில் டி.எம்.எஸ்., சீர்காழி, ஹனீபா. ஒன்பதாவதில் சபாத்தின் 'பாரனாய்ட்' இசைத்தட்டு. அதை அவர் வாங்கவில்லை. கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்தாராம். "என்ஜின் அறையில் இதைத் தவிர வேறு எந்தப் பாட்டும் காதில் விழாது" என்று சித்தப்பா சொன்னார்.

செல்லூரில் எங்கள் வீட்டைச் சுற்றி விசைத்தறிகள். காலையில் ஆரம்பித்தால் இரவு வரை தடதடப்பு. அந்த ஓசைக்குள் வளர்ந்த பையன்களுக்கு மெல்லிய பாட்டு கேட்கவே ஞாயிற்றுக்கிழமைதான் வரவேண்டும். அந்தக் கேசட்டில் இருந்த 'அயர்ன் மேன்' பாட்டு மட்டும் தறி ஓடும்போதே கேட்டது. தறியோடு சண்டை போடாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மொட்டைமாடியில் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். போகப் போக ஐந்து பேர் ஆனோம். இன்று அவர்களில் ஒருவர் புதூரில் லேத் வைத்திருக்கிறார். ஒருவர் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றார். ஒருவர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். நான்காமவரைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். ஐந்தாவது நான்.

முதல் நாள் ஓஸியின் குரலைக் கேட்டுவிட்டுக் கீழேயிருந்து அம்மா கேட்டது இன்றும் எங்களுக்குள் ஓடுகிறது: "அந்தப் பையனுக்கு என்ன, வயிற்றுவலியா? சுக்குக் கஷாயம் வைத்துத் தரட்டுமா?"

27 ஜூலை

"சொற்களில் பாதி புரியாது" என்றீர்களே, அதற்கு வருகிறேன். முதலில் முக்காலும் புரியவில்லை. இயற்பியல் நண்பர் லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொள்வார். டேப்பை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, காதில் விழுந்ததை எழுதிப் பார்ப்போம். 'வார் பிக்ஸ்' முழுக்கப் புரிய நான்கு ஞாயிறுகள் பிடித்தன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்துப் பாட்டு. போரைத் தொடங்குகிறவர்கள் பின்னால் ஒளிந்துகொள்வார்கள், சாகப் போவது ஏழைகள் என்பதுதான் சாரம். சாத்தானை வழிபடுகிற கூட்டம் என்று இவர்களைச் சொன்னவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை உட்கார்ந்து கேட்டிருக்கலாம். எழுதியவர் பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர். அவர்களுடைய பாடல் வரிகளில் பெரும்பகுதி அவருடையதுதான்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். எங்களுக்கு அது மில் சங்கு. மூன்று ஷிப்டுக்கும் ஊதுகிற சங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சங்கு ஊதினால் எங்கள் தெருவில் சாப்பாட்டுத் தூக்கு கிளம்பும்.

1987இல் எங்கள் வகுப்புக்கு யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். குடும்பத்தோடு படகில் வந்து, மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு, உறவினர் வீட்டுக்கு மதுரைக்கு வந்தவன். மாடிக்குக் கூட்டிப்போய் இந்தப் பாட்டைப் போட்டோம். சங்கு ஒலித்ததும் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். நாங்கள் நிறுத்திவிட்டோம். வெகுநேரம் கழித்து, "எங்களுக்குச் சங்கு ஊத ஆள் இல்லை. குண்டு விழுந்த பிறகுதான் தெரியும்" என்றான். மூன்று வாரம் மாடிப் பக்கமே வரவில்லை. பிறகு அவனாகவே வந்து அந்தப் பாட்டைப் போடச் சொன்னான்.

நான்காமவர் அவர்தான். இப்போது கனடாவில் இருக்கிறார். செவ்வாய் நள்ளிரவுக்குச் சற்று முன் எனக்குச் செய்தி சொன்னதும் அவர்தான்.

31 ஜூலை

நேற்று இறுதி ஊர்வலத்தைப் பார்த்தேன். பர்மிங்காமின் பிராட் ஸ்ட்ரீட்டில் பிளாக் சபாத் பாலம் என்றே பெயர் வைத்த பாலத்தில் வண்டி நின்றது. குடும்பத்தார் இறங்கிப் பூ வைத்தார்கள். வண்டிக்கு முன்னால் பித்தளைக் குழல் வாத்தியக்காரர்கள் சபாத் பாட்டுகளை வாசித்துக்கொண்டு நடந்தார்கள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் நண்பர், "பேண்டு செட் வைத்திருக்கிறார்களே!" என்றார். எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் போனால் எப்படி அனுப்புவோமோ அப்படியே அனுப்பினார்கள்.

ஜூலை 5 அன்று நடந்த அவர்களுடைய கடைசிக் கச்சேரியை விடிய விடியப் பார்த்தோம். அவர்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே இருக்கிற வில்லா பார்க் மைதானம். ஓஸிக்குப் பார்க்கின்சன் நோய், நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். 2005க்குப் பிறகு பில் வார்ட் மற்ற மூவரோடு சேர்ந்து டிரம்ஸ் வாசித்தது அன்றுதான். நான்கே பாட்டுகள்: 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்'. பதினேழாம் நாள் ஓஸி இல்லை.

3 ஆகஸ்ட்

நுனி போன விரலால் எப்படி வாசித்தார் என்று மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இதை எழுதத்தான் நான் காத்திருந்தேன்.

அயோமியின் தன்வரலாறு 2011இல் வந்தது. அடுத்த ஆண்டு என் கைக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு அப்போது 74 வயது. திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார், சூடான சால்டரிங் அயர்னால் துளை போட்டார், விரல் நுழைகிற அளவுக்குத் தேய்த்துத் தேய்த்துக் குப்பி செய்தார் என்று சொன்னேன்.

அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "பிளாஸ்டிக் கம்பியில் நிற்காது. வழுக்கும். மேலே தோல் ஒட்டியிருக்க வேண்டுமே?"

புத்தகத்தில் அடுத்த பத்தி அதுதான். பழைய தோல் சட்டை ஒன்றிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார் அயோமி. அந்தத் தோலும் தேய்ந்து தேய்ந்து தந்தியைப் பிடிக்கும் பதத்துக்கு வர வேண்டியிருந்தது. அப்பா தலையை ஆட்டினார். ஒரு பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்காரரின் வேலையைப் பார்த்து ஒப்புக்கொள்கிற தலையாட்டல்.

மேற்கொண்டு விளக்கம் கேட்டவர்களுக்கு: குப்பி போட்ட விரலுக்குத் தந்தி தொட்ட உணர்வு இல்லை. அழுத்தமும் வலித்தது. ஆகவே மெல்லிய தந்திகள் போட்டார். அந்தக் காலத்தில் கடையில் அப்படிக் கிடைக்காததால் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் தந்தியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இசைத்தட்டில் தந்திகளைத் தளர்த்தியும் கட்டினார். நம் சுருதிக் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையில் நிற்க வேண்டிய தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும். தொனியும் பூமிக்குள் இறங்கும். பிறகு உலகெங்கும் ஆயிரம் குழுக்கள், பத்து விரலும் நலமாக இருப்பவர்கள், அதேபோல் தளர்த்திக் கட்டிக்கொண்டார்கள்.

அப்பா அன்று கடைசியாக வேறொன்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மனம் விட்டுப்போய்க் கிடந்த அயோமியிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று படித்திருந்தேன். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார்க்காரர். தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கி, மிச்ச விரல்களாலேயே வாசித்தவர். அப்பா கேட்டது: "மேலாளரே வீட்டுக்கு வந்தாரா?"

ஆமாம் என்றேன். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

9 ஆகஸ்ட்

கட்டை என்று எழுதியதும் இசை தெரிந்த மூன்று பேர் வந்துவிட்டார்கள். சந்தோஷம். அப்பா ஆர்மோனியக்காரர் என்பதை நான் சொல்லவே இல்லை. பட்டறை வேலை போக, பங்குனி முதல் ஆடி வரை ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியமும் பின்பாட்டும். சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர்கள் கூடுகிற இடத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலன், வேடன், விருத்தன் மூவருக்கும் விடிய விடிய வாசிப்பார். விரல் போன பிறகு வாசிக்கவில்லை.

ஆனால் காது போகவில்லை. 1985இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டின் கேசட் கிடைத்தது. முதல் பாட்டின் பெயரும் பிளாக் சபாத். மழை, தூரத்தில் மணி, பிறகு அந்தக் கிட்டார். ரிஃப் என்று அவர்கள் சொல்கிற வரி இதில் மூன்றே சுரங்கள். மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கட்டிலில் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "நாலரைக் கட்டை. ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்தியமம். அதிலேயே நின்று ஆட்டுகிறான். பஞ்சமத்தை எட்டிப் பார்க்கிறான், போக மாட்டேன் என்கிறான்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் விவரம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்தபோது அதுதான் அந்தப் பாட்டின் ரகசியமே என்று தெரிந்தது. பிரதி மத்தியமம் என்பது சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் நடுமத்தியில் நிற்கிற சுரம். மேற்கே அதைச் சாத்தானின் இடைவெளி என்று அழைத்தார்கள். நம்மிடம் 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்களில் 36க்குப் பிரதி மத்தியமம்தான். கல்யாணியில் அது இல்லையா? கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் அதைப் பஞ்சமத்தில் கொண்டுபோய் இறக்கிவைப்பார், நாமும் நிம்மதியாகப் பந்தியில் உட்காருவோம். அயோமி இறக்கிவைக்க மறுக்கிறார். அவ்வளவு சின்ன மறுப்புத்தான் ஐம்பத்தைந்து ஆண்டுகளாக மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

உறுமியில் வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கும்போது எழுகிற முனகலோடு அந்த ஆட்டத்தை ஒப்பிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

10 ஆகஸ்ட்

அந்தச் சுரத்தைத் திருச்சபை தடைசெய்திருந்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அது கட்டிவிட்ட கதை. இசையில் சாத்தான் என்ற பெயர் பழையதுதான். பாட்டெழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த இடைவெளியைத் தவிர்க்கச் சொன்னார்கள், பாடுவதற்குக் கடினம் என்பதால். தண்டனை எதுவும் இல்லை. கீசர் பட்லருக்கு இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'கிரகங்கள்' தொகுப்பில் செவ்வாய்ப் பகுதி மிகவும் பிடிக்கும். அதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் இந்த ரிஃப் கிளம்பியது. சாத்தானை விட்டுவிடுவோம்.

17 ஆகஸ்ட்

டியோ சண்டை. எதிர்பார்த்ததுதான்.

ஓஸி இல்லாத சபாத் சபாத்தே இல்லை என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். 1979இல் ஓஸியை விலக்கினார்கள். அவர் இடத்தில் பாட ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' இசைத்தட்டு. லேத் நண்பர் அன்றிலிருந்து டியோ கட்சி. எனக்கும் அவருக்கும் ஒருமுறை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் நடந்த வாக்குவாதத்தில் தேனி பஸ் இரண்டு போய்விட்டது.

இந்த வாரம் நான்கு முறை கேட்டேன். சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஓஸி பெரும்பாலும் கிட்டார் போகிற வழியிலேயே கூடப் போவார், கிட்டாரின் நிழல் மாதிரி. டியோ கிட்டாருக்கு எதிரே நின்று பாடுகிறார். அதனால் அயோமி வேறுவிதமாக இடம் விட்டு வாசிக்கிறார். இரண்டும் சபாத்தான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விலகாமல் இருந்தவர் அயோமி ஒருவரே. அவர் கை எங்கே இருக்கிறதோ அதுதான் குழு என்று லேத் நண்பர் அன்றே சொன்னார். நான் கேட்கவில்லை.

இயன் கில்லன் பாடிய 1983 இசைத்தட்டைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை.

24 ஆகஸ்ட்

ஒரு பெரிய விஷயம் வெளிப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 9 குறிப்பில் அப்பா "நாலரைக் கட்டை" என்று சொன்னதாக எழுதியிருந்தேன். சிவகங்கையிலிருந்து ஒரு வயலின் ஆசிரியர் எழுதுகிறார்: முதல் இசைத்தட்டில் அந்தப் பாட்டு ஐந்து கட்டை. உங்கள் அப்பாவின் காது தவறியிருக்க வேண்டும்.

அப்பாவின் காது தவறாது. நாடக மேடையில் நடிகர் எடுக்கிற குரலை வைத்தே கட்டையைச் சொல்கிறவர். இதை வைத்துக்கொண்டு நேற்று மூவரும் மாடியில் உட்கார்ந்தோம். பழைய கேசட் என் பெட்டியில் இருக்கிறது. டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் இளகிப் போய்விட்டது. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் டவுன்ஹால் ரோடு முழுக்க அலைந்து, கிடைக்காமல், வேறொரு கருவியின் பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டினார். போட்டுப் பார்த்தோம். பக்கத்தில் கைபேசியில் அசல். கேசட் அரைக்கட்டை கீழே!

பேட்டரி இறங்கினால் பாட்டு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் இப்போது மின்சாரத்தில் ஓடியது. பெல்ட் மாற்றியதால் வேகம் குறைந்ததா என்று பார்க்கச் சித்தப்பாவின் டி.எம்.எஸ். கேசட்டைப் போட்டோம். அது சரியான கட்டையில் பாடியது. ஆகவே கோளாறு எங்கள் கேசட்டில்தான். பட்டியலும் வெற்றுக் கேசட்டும் கொடுத்தால் பதிவு செய்து தருகிற கடை ஒன்றில் 1985இல் வாங்கியது அது. அங்கே நகல் எடுத்த கருவியின் வேகத்தில் ஏதோ பிசகு இருந்திருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த பிளாக் சபாத் உலகத்துக்குத் தெரிந்ததைவிட அரைக்கட்டை தாழ்ந்தது, அதே அளவுக்கு மெதுவானது. பிறகு குறுந்தட்டு வாங்கிக் கேட்டபோது ஏதோ அவசரப்படுகிறார்கள் என்று ஐந்து பேருக்குமே தோன்றியது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். கனடாவுக்குப் பேசிச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு, "அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்து அனுப்பு. எனக்கு அந்த வேகத்தில்தான் வேண்டும்" என்றார்.

31 ஆகஸ்ட்

ஆவணி மூலத் திருவிழாக் கூட்டத்தில் மாசி வீதி முழுக்க நகராமல் நின்றேன். அதனால் இன்று தாமதம்.

சிவகங்கை ஆசிரியர் இன்னொன்றும் கேட்டிருந்தார், தயங்கித் தயங்கி. ஆர்மோனியக் கட்டையை அழுத்த விரல் நுனி அவசியமில்லையே, குறைவிரலாலும் அழுத்தலாம், ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் இருந்தனவே, அப்பா ஏன் நிறுத்தினார் என்று.

எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. வலியால் நிறுத்தினார் என்றே நாற்பத்தாறு வருடமாக நம்பியிருந்தேன். அப்பா 2016இல் போய்விட்டார். அம்மாவுக்கு 83. இன்று மதியம் கேட்டேன்.

"வலி ஆறு மாதத்தில் போய்விட்டது" என்றார் அம்மா. "தைப்பூசத்துக்கு ஒரு நாடகத்துக்குப் போனார். ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில் சபைக்குத் தெரிகிற மாதிரிதானே உட்காருவார். முன்வரிசையில் இருந்த குழந்தைகள் நாடகத்தைப் பார்க்காமல் இவர் கையையே பார்த்ததாம். விடிந்து வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தைத் துணியில் கட்டிப் பரணில் வைத்தார்."

வேறொன்றும் எழுத முடியவில்லை இன்று.

7 செப்டம்பர்

முதல் நாள் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டும். கனத்த ராக் அந்த வெட்டிலிருந்து பிறந்தது என்று எழுதினேன். எழுதும்போது கம்பீரமாக இருந்தது. ஆனால் கீழவாசலிலும் புதூரிலும் விரல் போனவர்களை நான் கை நிறைய எண்ணுவேன். யாருடைய வெட்டிலிருந்தும் இசை பிறக்கவில்லை. அயோமிக்கு வெட்டுக்குப் பிறகு ஓர் இசைத்தட்டு வீடு தேடி வந்தது. இரண்டு தெரு தள்ளி ஓஸி இருந்தார், பில் வார்ட் இருந்தார், கீசர் இருந்தார். கார் ஹாரனுக்குச் சுதி சேர்க்கிற வேலையும் ஆட்டுத்தொட்டி வேலையும் பார்த்த ஓஸி, தோல் ஒட்டிய விரலைப் பார்த்து முகம் சுளித்திருக்க மாட்டார். 1969 அக்டோபரில் ஒரே நாளில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். அயோமியின் கை அன்று யாருக்கும் வேடிக்கைப் பொருளாக இல்லை.

அப்பா "மேலாளரே வீட்டுக்கு வந்தாரா?" என்று கேட்டதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எங்கள் வீட்டுக்கு அந்தப் பட்டறையிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு மாதச் சம்பளம் ஓர் உறையில் வந்தது.

பத்து வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. பதினாறு வயதில் மாடியிலிருந்து இறங்கி வந்தவனிடம் கட்டிலில் படுத்தபடி மூன்று சுரங்களைச் சொன்னாரே, விரல் போன பிறகு அவர் இசையைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திண்டுக்கல் நண்பரே, அந்தப் பாட்டை நான் எப்படி விடுவேன்?

12 செப்டம்பர்

கனடாவுக்குக் கேசட் பிரதி போய்ச் சேர்ந்தது. அரைக்கட்டை தாழ்ந்தே இருக்கிறதாம். நன்றி சொன்னார்.

14 செப்டம்பர்

திண்டுக்கல் நண்பர் இன்று எழுதியிருக்கிறார். முழுவதும் படித்தாராம். கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்கிறார். சொல்கிறேன்.

'பாரனாய்ட்' பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். இசைத்தட்டில் இடம் மிச்சமிருந்ததால் அவசரமாகச் செய்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு அது. உலகம் முழுக்க அதைத்தான் முதலில் கேட்டார்கள் என்றாலும் வேண்டாம். முதலில் 'பிளானட் கேரவன்' கேளுங்கள். கத்தல் இல்லை, டிரம்ஸ் இல்லை, கையால் தட்டுகிற தாளம் மட்டும். இவர்களுக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று தெரிந்துகொண்ட பிறகு 'இன்டு தி வாய்ட்'. ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிய தந்தி எப்படி ஒலிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன்பின் 'வார் பிக்ஸ்', முழுவதும், எழுந்து போகாமல். முதல் இசைத்தட்டின் முதல் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் கேட்க வேண்டாம். கீழ்ச்சுரங்கள் அதில் வராது. நீங்கள் கேட்பது பாதிப் பாட்டாக இருக்கும். அடுத்த ஞாயிறு செல்லூருக்கு வாருங்கள். திண்டுக்கல் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும், அங்கிருந்து ஆட்டோவில் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம். நான்கு மணிக்கு மேல் வெயில் மாடியை விட்டு இறங்கிவிடும். ஞாயிறு தறி ஓடாது. அம்மா சுக்குக் காப்பி போட்டுத் தருவார், எந்த வேகத்துக் கேசட் வேண்டும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.